வேன் செட்டைத் திட்டும் முன் சீடியைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற எந்த வேன்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அவிசாவளை வரைக்கும் ரேடியோ நன்றாகப் பாடும். யட்டியாந்தோட்டை தாண்டி கித்துல்கலையை நெருங்கும்போது இரைய ஆரம்பிக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு வளைவுக்குப் பாட்டு, அடுத்த வளைவுக்கு வெறும் இரைச்சல். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற சாமான். கோபுரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மலை வந்துவிட்டால் அவ்வளவுதான். 2,524 மீட்டர் உயரத்தில் பிதுருதலாகலை உச்சியிலேயே ஒலிபரப்புக் கோபுரம் நின்றாலும், பள்ளத்துக்குள் இறங்கிய வண்டிக்கு அந்த உயரத்தால் பெரிய பிரயோசனம் இல்லை.

என்னுடையது ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த டொல்பின் வேன். அதில் இருந்த பழைய கசெட் செட்டைக் கழற்றிவிட்டு, கொழும்பில் பாவித்த வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த சீடி செட் வாங்கிப் போட்டேன். அதுவும் ஜப்பான் சாமான்தான். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் முடியும்படி இருந்தது, செட்டும் அப்படியே செய்யப்பட்டிருக்கிறது. நம் நாட்டு நிலையங்கள் 87.5க்கும் 108க்கும் நடுவே இருக்கின்றன. ஆக அந்த ரேடியோவுக்கு எட்டுவது கீழ்க்கோடியில் இருக்கிற ஓரிரு நிலையங்கள் மட்டும். ஏரியல் வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் மேலே உள்ள நிலையங்களை இறக்கிக் கொடுக்கும். மாட்டிப் பார்த்தேன். கொழும்பில் பரவாயில்லை. மலைக்கு வந்ததும், ஏற்கெனவே மெலிந்து வருகிற அலை அந்தப் பெட்டிக்குள் நுழைந்து இன்னும் மெலிந்து போனது. திரையில் காட்டுகிற எண்ணும் நிலையத்தின் எண்ணும் வேறு வேறு என்பதால் எந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வைப்பதும் தொல்லை.

மிச்சம் இருந்தது சீடி. நல்ல வேளையாக, அந்தச் செட்டின் முகத்தில் எம்பி3 என்று அடித்திருந்தது. பாவித்த செட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான். அது இல்லாத செட் சாதாரண ஓடியோ சீடியை மட்டும் வாசிக்கும். எம்பி3 சீடியைப் போட்டால் பிழை காட்டித் துப்பிவிடும், அல்லது வாசிப்பது போல நிமிடக் கணக்கை ஓட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் இருக்கும்.

வேன் வாங்குவதற்கு முன் ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தேன். போட்டோ கொப்பி, போன் கார்ட், கூடவே சீடி அடித்துக் கொடுப்பதும் எங்கள் வேலை. சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும், மஸ்கெலியா பக்கம் ஓடுகிற வேன்காரர்கள் கடையை மொய்ப்பார்கள். இரவெல்லாம் ஓட வேண்டுமே, பாட்டு இல்லாமல் எப்படி? அடித்துக்கொண்டு போனவர்களில் ஒரு பகுதிப் பேர் மறுநாள் திரும்பி வருவார்கள். "தம்பி, நம்ம செட்டுக்கு என்னமோ ஆயிருச்சி, சீடிய வாங்க மாட்டேங்குது" என்பார்கள். செட்டைத் திறந்து லென்ஸ் மாற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. உண்மையில் அந்தச் செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு சீடியை எழுதிய விதத்தில் இருந்தது. இதை அந்தக் கடையில் நிதமும் பார்த்தேன், இப்போது என் வேனிலும் பார்க்கிறேன். லென்ஸ் மாற்றக் காசு கொடுக்கும் முன் சீடியைச் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

முதலில் ஓடியோ சீடிக்கும் டேட்டா சீடிக்கும் உள்ள வித்தியாசம். ஓடியோ சீடியில் பாட்டு சுருக்கப்படாமல் இருக்கும், செக்கனுக்கு 1,411 கிலோபிட். 700 மெகாபைட் சீடியில் 80 நிமிடம்தான் கொள்ளும். கூடிப்போனால் 99 பாட்டு என்ற வரம்பும் உண்டு. அதே சீடியில் செக்கனுக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கிய எம்பி3 போட்டால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போகும், மொத்தம் பன்னிரண்டு மணித்தியாலம் வரும். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்த் திரும்பினாலும் ஒரே சீடி போதும். ஆனால் கொம்பியூட்டரில் சீடி அடிக்கும்போது "ஓடியோ சீடி" என்பதைத் தெரிவு செய்துவிட்டு எம்பி3 பாட்டுகளை இழுத்துப் போட்டால், மென்பொருள் அவற்றை விரித்து ஓடியோவாக மாற்றிவிடும். இருபது பாட்டுக்கு மேல் இடமில்லை என்று அது சொல்லும்போது, "வெறும் நூறு மெகாபைட்தானே போட்டேன்" என்று ஆட்கள் குழம்புவார்கள். எம்பி3 சீடி வேண்டுமானால் "டேட்டா சீடி" என்பதைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

அடுத்தது சீடியை மூடுவது. கடையில் வந்த முறைப்பாடுகளில் இதற்குத்தான் முதலிடம். ஒரு சீடியில் முதலில் ஐம்பது பாட்டு போடுவார்கள். இடம் மீதி இருக்கிறதே என்று பிறகு ஒருநாள் இன்னும் இருபது சேர்ப்பார்கள். கொம்பியூட்டரில் போட்டால் எழுபதும் தெரியும். வேனில் போட்டால் பழைய ஐம்பது மட்டும் பாடும். சில செட்டில் புதிய இருபது மட்டும் வரும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் சீடியில் ஒரு செஷன் உருவாகிறது. ஒவ்வொரு செஷனுக்கும், புத்தகத்துக்குப் பொருளடக்கம் இருப்பது போல, தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கொம்பியூட்டர் கடைசிப் பட்டியலைத் தேடிப் பிடித்து வாசிக்கும். பழைய கார் செட்கள் பல முதல் பட்டியலோடு நின்றுவிடும். கடைசி செஷனில் பழைய பாட்டுகளை இணைக்காமல் விட்டிருந்தால் அவை மறைந்தும் போகும். இதற்கு நான் கண்ட ஒரே வழி, எல்லாப் பாட்டையும் சேர்த்து ஒரே தடவையில் எழுதி, "டிஸ்க் அட் வன்ஸ்" என்றோ "ஃபைனலைஸ்" என்றோ மென்பொருளில் இருப்பதைத் தெரிவு செய்து சீடியை மூடிவிடுவது. மீதி இடம் வீணாகிறதே என்று கவலைப்பட வேண்டாம். வெற்றுச் சீடி ஒன்றின் விலையை லென்ஸ் மாற்றும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விண்டோஸில் சீடியைப் போட்டதும் "யூஎஸ்பி போலப் பாவிக்கவா, சீடி பிளேயருக்காகவா" என்று ஒரு கேள்வி வரும். முதலாவதைத் தொட்டால் பாட்டை இழுத்துப் போடுவதும் அழிப்பதும் சுகமாக இருக்கும், ஆனால் அது யூடிஎஃப் என்ற முறையில் எழுதப்படும். கார் செட்டுகளில் பெரும்பாலானவை அதை வாசிக்காது. இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். அது ஐஎஸ்ஓ 9660 என்ற பழைய முறையிலும், நீண்ட பெயர்களுக்காக ஜோலியட் என்ற சேர்க்கையோடும் எழுதும். மிகப் பழைய செட் என்றால் ஜோலியட்டையும் கண்டுகொள்ளாது. அதற்குத் தெரிவது எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும்தான். பாட்டுப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு, ஓர் அலைக்கோடும் எண்ணுமாகத் திரையில் ஓடினால் காரணம் இதுதான். பாட்டு பாடும், பெயர் மட்டும்தான் அசிங்கமாக இருக்கும்.

பெயர் என்றதும் தமிழ்ப் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டுக்குத் தமிழில் பெயர் வைத்தால் என் செட்டின் திரையில் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். அதில் தமிழ் எழுத்தே கிடையாது, ஜப்பான் எழுத்தும் ஆங்கில எழுத்தும்தான். எங்கள் கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள் அதே பழக்கத்தில் பாட்டுக்கும் பெயர் அடித்துக் கொண்டு வருவார்கள். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ் உருவம் என்பதால், வேன் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ ஒரு மொழி ஓடும். ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, முன்னால் எண் போட்டு வைப்பதே சுகம்.

எண் போடும்போது 1, 2, 3 என்று போடாதீர்கள். செட் பெயரை எழுத்துவரிசைப்படி அடுக்குவதால் 1க்குப் பிறகு 10 வரும், 11 வரும், 19 முடிந்து அப்புறம்தான் 2 வரும். 001, 002 என்று மூன்று இலக்கமாகப் போட்டால் நாம் நினைத்த வரிசையிலேயே பாடும். ஃபோல்டர்களுக்கும் இப்படியே. பாட்டின் உள்ளே இருக்கும் ஐடி3 குறிப்பைத் திரையில் காட்டுகிற செட்டும் இருக்கிறது. அப்படியானால் கோப்பின் பெயரை மாற்றியும் திரையில் பழைய பெயரே வரும். எங்கிருந்தோ பதிவிறக்கிய பாட்டில் ஏதாவது இணையத்தளத்தின் விளம்பரம் பாட்டின் பெயராக ஓடுவதும் இதனால்தான். ஐடி3 குறிப்பைத் திருத்துகிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பாட்டோடு ஒட்டிய அட்டைப் படத்தையும் நீக்கிவிடலாம். பெரிய படம் ஒட்டிய பாட்டு சில பழைய செட்டுகளில் தொடங்கவே தாமதிக்கும்.

என் சீடியில் ஃபோல்டர்கள் பாட்டின் வகைப்படி இல்லை, ஏறுகிற ஆட்களின்படி இருக்கின்றன. 01இல் பக்திப் பாட்டு, விடியற்காலை ஹயருக்கு அது இல்லாமல் வண்டி நகராது. 02 எண்பதுகளின் சினிமாப் பாட்டு. 03 சிங்களப் பாட்டு. பயணிகளில் பாதிப் பேர் சிங்களவர்கள், நாலு பாட்டு அவர்களுடையதாகப் போட்டால் வண்டிக்குள் முகமே மாறிவிடும். 04 சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதை நான் மனமுவந்து போடுவதில்லை. ஓட்டும்போது பாட்டுப் பாட்டாகத் தேட முடியாது. ஃபோல்டர் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த வகை வந்துவிட வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து அடுக்குவது கொம்பியூட்டரில் அழகாக இருக்கும், செட்டுக்குத் தலைவலி. ஒரே மட்டத்தில் வையுங்கள். செட்டுக்குச் செட்டு பாட்டு எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. என்னுடையது 255க்கு மேல் கண்டுகொள்ளாது, அதற்குப் பிறகு இருக்கிற பாட்டு சீடியில் இருந்தும் இல்லாததுதான்.

பாட்டின் தரம் பற்றிப் பெரிய சண்டையே நடக்கும். 320 கிலோபிட்டுக்குக் குறைவாகக் கேட்கவே மாட்டேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் வேனில், இரண்டாம் கியரில் கினிகத்தேனை ஏறும்போது, 192க்கும் 320க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்லை. 192இல் ஒரு சீடிக்கு எட்டு மணித்தியாலம் கிடைக்கும், 320இல் ஐந்து மணித்தியாலம் அளவில்தான். 128 பழைய பாட்டுகளுக்குப் பரவாயில்லை, புதிய பாட்டுகளில் சிம்பல் சத்தம் கொஞ்சம் கரகரக்கும். ஆனால் 128ஆக இருப்பதை 320ஆக மாற்றினால் கோப்புதான் வீங்கும், போன சத்தம் திரும்பி வராது. கடையில் இதைக் கேட்டு வந்த அண்ணன்மார்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மாறும் பிட் வீதத்தில் எழுதிய பாட்டு, அதாவது வீபீஆர், சில பழைய செட்டுகளில் நிமிடக் கணக்கைத் தப்பாகக் காட்டும். பாடுவதில் குறை இருக்காது. வேறு முறையில் சுருக்கிய டபிள்யூஎம்ஏ, எம்4ஏ கோப்புகளின் பின்னொட்டை எம்பி3 என்று மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. அது பலிக்காது. முறையாக மாற்றித்தான் எழுத வேண்டும்.

தரத்தைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது சத்த அளவு. பழைய கசெட்டிலிருந்து எடுத்த பாட்டு மெதுவாகக் கேட்கும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருப்போம். அடுத்தது புதிய பாட்டு வந்து விழும், பின்சீட்டில் தூங்குகிற ஆச்சி பதறி எழும்புவார். வளைவில் ஓட்டுகிறவனுக்கும் அது நல்லதில்லை. எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. பாட்டை மறுபடி சுருக்காமல், அதன் சத்த அளவைக் குறிக்கும் எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றும். அது வழமையாகப் பிடிக்கும் அளவு 89 டெசிபல், நானும் அதையே வைத்திருக்கிறேன். சீடி அடிக்கும் முன் மொத்தப் பாட்டையும் ஒரு தடவை அதில் போட்டு எடுத்தால், அன்றிலிருந்து சத்தப் பொத்தானில் கை வைக்கும் வேலை பெரும்பாலும் இருக்காது.

கசெட் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த கசெட்டுகள் வீட்டில் கிடந்தன. தப்பு, உருமி, காமன் கூத்துப் பாட்டு எல்லாம். அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கசெட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கொம்பியூட்டரின் லைன் இன் துளைக்கு ஒரு வயர் போட்டு, ஓடாசிட்டி என்ற மென்பொருளில் பதிந்து எம்பி3 ஆக்கினேன். ஒரு மைக்கில் பதிந்த பதிவுதானே, அதை மோனோவாக, அதாவது ஒற்றைத் தடமாக, 64 கிலோபிட்டில் வைத்தால் போதும், இடம் பாதி மிச்சம். ஆனால் மாதிரி வீதத்தை, அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளந்து பதிகிறது என்ற கணக்கை, 44.1 கிலோஹேர்ட்ஸிலேயே விடுங்கள். இடம் மிச்சம் பிடிக்க 22.05க்கு இறக்கினால் சில கார் செட்டுகள் அந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடும். சினிமாப் பாட்டு விடயத்தில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது என்பதைக் கடைக்காலத்தில் எங்களில் யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது வேனில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய சீடியிலிருந்து எடுத்தவைதான். அவற்றின் சத்தமும் கடையில் சுற்றிய பிரதிகளைவிடத் தெளிவாக இருக்கிறது.

வெற்றுச் சீடி வாங்கும்போது ஆர்டபிள்யூ என்று போட்ட, அழித்து எழுதும் வகை வேண்டாம். சாதாரண சீடி-ஆர் லேசர் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ திருப்பி அனுப்புவது நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். பழைய செட்டின் கண்ணுக்கு அது போதாது. டிவிடியில் 4.7 கிகாபைட் கொள்ளுமே என்று அதில் அடித்துக் கேட்பவர்களும் வருவார்கள். சீடி செட்டின் லேசர் 780 நானோமீட்டர், டிவிடிக்கு வேண்டியது 650. எத்தனை முறை தள்ளினாலும் வாசிக்காது. எழுதும் வேகத்தை 52 எக்ஸில், அதாவது பாடும் வேகத்தின் 52 மடங்கில் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிக்கப் பார்க்க வேண்டாம். மிக மெதுவாக எழுதினால்தான் நல்லது என்பதும் சரியல்ல, இப்போதைய சீடிகள் அதற்கென்று செய்யப்பட்டவை இல்லை. 16 எக்ஸ் எனக்குச் சரியாக வருகிறது.

சீடி சரியாக இருந்தும் பாட்டு தாண்டினால் ரோட்டைப் பார்க்க வேண்டும். தோட்டத்து ரோட்டில் பெரிய கல் கிடக்கும் இடங்களில் எந்த லென்ஸும் தடுமாறும். இங்கே எம்பி3க்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. பாட்டை முன்கூட்டியே வாசித்து வைக்கும் நினைவகம் ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடியோ சீடிக்கு அது ஆறு செக்கன்கூட வராது. 128 கிலோபிட் எம்பி3க்கு ஒரு நிமிடம் வரும். ஒரே செட், ஒரே குழி, ஓடியோ சீடி தாண்டுகிற இடத்தில் எம்பி3 சீடி அசையாமல் பாடுவதற்கு இதுதான் காரணம். அப்படியும் தாண்டினால் டேஷிலிருந்து செட்டை வெளியே எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஓர் ஆணி இருக்கும், அதை ஒரு தகட்டுப் பட்டியால் வண்டியின் உடம்போடு பிடித்திருக்க வேண்டும். அவசரமாக மாட்டிக் கொடுப்பவர்கள் அதைச் செய்வதில்லை. முன்பக்கப் பிடியில் மட்டும் தொங்குகிற செட் ஒவ்வொரு குழிக்கும் வால் ஆட்டும். செட்டின் முகம் மேல்நோக்கி 30 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தாலும் இந்தத் தொல்லை வரும்.

குளிர்தான் மலைநாட்டுக்கே உரிய தொல்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி விழுகிற நாட்களும் உண்டு. இரவு முழுக்க வெளியே நின்ற வேனில் ஆட்களை ஏற்றி, கண்ணாடிகளைப் பூட்டி, ஹீட்டரைப் போட்டால் உள்ளே இருக்கிற ஈரக் காற்று குளிர்ந்த லென்ஸின் மேல் பனித்து நிற்கும். முன் கண்ணாடி மங்குவது நமக்குத் தெரிகிறது, செட்டுக்குள் நடப்பது தெரிவதில்லை. சீடியைப் போட்டதும் பிழை காட்டும். பயந்துபோய்த் திரும்பத் திரும்பப் போட்டு எடுப்பதால் லாபம் இல்லை. சீடியை வெளியே எடுத்துவிட்டு, செட்டை ரேடியோவில் விட்டு ஓடுங்கள். அதன் சொந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். நானுஓயா இறங்கித் தலவாக்கலை போய்ச் சேரும்போது பெரும்பாலும் சரியாகியிருக்கும். சில நாள் டெவன் நீர்வீழ்ச்சி வரைக்கும் பொறுக்க வேண்டி வரும்.

மழைக்காலத்தில் வேறு கதை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கொட்டுகிற மழையில் சீடி வைக்கும் துணிப் பையே ஈரமாகி, சீடியின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாட்டு ஓடும் பாதையோடு சேர்ந்து ஓடும், அதைச் செட்டால் சமாளிக்க முடியாது. குறுக்குக் கீறலைச் சமாளித்துவிடும். பெற்றோல், தின்னர் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் வெடித்துப் போகும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் அடிப்பக்கத்துச் சின்னக் கீறலுக்குச் சில வேளை பலன் தரும். மேல்பக்கம் கீறினால் ஒன்றும் செய்ய முடியாது. பாட்டு இருப்பது அந்தப் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குக் கீழேயே. அதனால் மேலே பெயர் எழுதக் குமிழ்முனைப் பேனா வேண்டாம், நுனி மெத்தென்ற மார்க்கர் போதும். பேப்பர் லேபல் ஒட்டவே ஒட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாமாவின் வேனில், கொழும்பு வெயிலில் லேபல் சூடேறிச் சுருண்டு, சீடி உள்ளே சிக்கி, செட்டை முழுக்கப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது. மலையில் குளிர்தானே என்று சீடிகளை டேஷின் மேல் போட்டு வைப்பவர்கள், அதே வண்டிதான் கொழும்பில் வெயிலில் நிற்கப் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சாயம் வெளிறிச் சீடி செத்துவிடும்.

பிரஷ் ஒட்டிய லென்ஸ் துடைக்கும் சீடியை எப்போதாவது ஒரு தடவை போடலாம். மாதம் தவறாமல் போடுவது லென்ஸைத் தாங்கும் மெல்லிய கம்பிகளுக்கு நல்லதில்லை என்பது என் எண்ணம். வளைவுகளில் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், எதிரே வருகிற இ.போ.ச. பஸ்ஸின் ஹோர்ன் உங்கள் காதில் விழ வேண்டும்.

யூஎஸ்பி உள்ள செட் மாட்டியவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். குச்சியை எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் செய்ய வேண்டும், என்டிஎஃப்எஸ் என்றால் பல செட் வாங்காது. பல செட்டுகள் யூஎஸ்பியில் எழுத்துவரிசையைப் பார்க்காமல், எந்தப் பாட்டு முதலில் கொப்பி ஆனதோ அந்த வரிசையில் பாடும். ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக, வரிசைப்படி கொப்பி செய்தால் சரியாக வரும். யூஎஸ்பி இல்லாத ஜப்பான் செட் வைத்திருப்பவர்கள் சிகரெட் லைட்டரில் மாட்டும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினால், அதை 87.5க்கும் 90க்கும் நடுவே வைத்தால்தான் ரேடியோவுக்கு எட்டும். கொழும்பில் அந்த இடத்தில் ஏதாவது நிலையம் குறுக்கே வரும், மலையில் பெரும்பாலும் காலியாக இருக்கும். யூஎஸ்பிக் குச்சியைச் செட்டின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். முன்சீட்டில் ஏறுகிறவரின் முழங்கால் பட்டால் துளையோடு சேர்ந்து உடையும். ஒரு சின்ன நீட்டிப்பு வயர் போட்டு டேஷ் பெட்டிக்குள் விட்டுவிடலாம்.